கோத்தகிரி தேயிலைப் பாதைகளில் மலைச் சைக்கிள்: முதன்முறை ஓட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் மலைச் சைக்கிள் ஓட்ட எந்த ஊருக்குப் போவது என்று கேட்டால், நான் யோசிக்காமல் கோத்தகிரியைச் சொல்வேன். ஊட்டியின் நெரிசல் இங்கே கிடையாது. ஊர் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சு கொஞ்சம் வாங்கும், ஆனால் தலை சுற்றாது. ஊரைத் தாண்டியதும் நாலா பக்கமும் தேயிலை. தேயிலை இருந்தால் இலை ஏற்றும் ஜீப் போக மண் ரோடு இருக்கும், அதிலிருந்து ஹட்டிகளுக்கும் (படகர் ஊர்கள்) லைன் வீடுகளுக்கும் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒத்தையடிப் பாதைகள் பிரியும். மலைச் சைக்கிளுக்கு வேண்டியதெல்லாம் இங்கே தயாராக இருக்கிறது.

ஆனால் இவற்றில் ஒன்றுகூட சைக்கிளுக்காகப் போட்ட பாதை இல்லை. அதனால்தான் சைக்கிளைப் பற்றிப் பேசும் முன் பாதையைப் பற்றிப் பேசுகிறேன்.

எந்தப் பாதை யாருடையது

கோத்தகிரியைச் சுற்றி மூன்று வகை நிலம் உண்டு. எதில் நிற்கிறோம் என்பது தெரியாமல் சக்கரத்தை உருட்டக் கூடாது.

முதலாவது காப்புக்காடு. இங்கே அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஊரை ஒட்டியிருக்கும் லாங்வுட் சோலை இதற்கு நல்ல உதாரணம். 116 ஹெக்டேர்தான், ஆனால் கீழே உள்ள பல கிராமங்களுக்குத் தண்ணீர் தரும் சோலை அது. 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வரைபடத்தில் உள்ளே ஒரு பாதை அழகாக வளைந்து போவது தெரியும். தெரியட்டும், சைக்கிளோடு போகாதீர்கள். சோலையின் தரை ஈரமான இலை மக்கு; ஒரு டயர் கிழித்த தடத்தில் அடுத்த மழையில் தண்ணீர் ஓடி வாய்க்காலாகிவிடும். பார்க்க ஆசையாக இருந்தால், வனத்துறை 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு நடந்து போகலாம்.

இரண்டாவது எஸ்டேட் நிலம். மண் ரோடுகளில் பெரும்பாலானவை இதில்தான் வருகின்றன. இது தனியார் சொத்து. கேட் திறந்திருப்பது வரவேற்பு ஆகாது. எஸ்டேட் ஆபீஸுக்கு நேரில் போய், யார், எங்கிருந்து வருகிறோம், எத்தனை பேர், எந்த வழியாக வெளியேறுவோம் என்று சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் முந்தின நாளே கேட்டுவிடுவது நல்லது. இரண்டு பேர் என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். பத்துப் பேர் கூட்டமாக வந்து நின்றால் தயங்குவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாததால் ரோடு காலியாக இருக்கும். வேலை நாளில் கேட்டால், இன்றைக்கு எந்தப் பக்கம் மருந்து அடிக்கிறார்கள், எங்கே கவாத்து (செடியை வெட்டிவிடும் வேலை) நடக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அடிக்கும் பகுதிக்குள் ஓட்டவே கூடாது.

மூன்றாவது, படகர் ஹட்டிகளை ஒட்டிய சிறு விவசாயிகளின் தோட்டங்களும் ஊர்ப் பாதைகளும். இங்கே ஆபீஸ் கிடையாது, எதிரே வருகிற பெரியவர்தான் அதிகாரி. இறங்கி, "ஐயா, இந்த வழியா போலாமா?" என்று கேட்டால் போதும். வழி சொல்வதோடு, மேலே மண் சரிந்திருக்கிறதா, காலையில் காட்டுமாடு நின்றதா என்பதையும் சொல்லிவிடுவார். இதைவிட நம்பகமான தகவல் எந்தச் செயலியிலும் கிடைக்காது. ஹட்டிக்குள் கோயிலை ஒட்டிய புல்வெளியில் சைக்கிள் ஏற்றாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழாக் காலத்தில் வெள்ளை உடுத்தி ஊர் ஊராக நடந்து வருவார்கள். எதிர்ப்பட்டால் சைக்கிளை ஓரமாக நிறுத்தி இறங்கி நில்லுங்கள்.

தலையில் இலை மூட்டையோடு ஒரு அக்கா ஏறி வருகிறார் என்றால் நிற்க வேண்டியது நீங்கள். அவரை ஓரம் கட்டவைத்துப் போகிற சைக்கிள்காரர்களால்தான் ஒரு பாதை எல்லோருக்கும் மூடப்படுகிறது.

எந்த மாதம், எந்த நேரம்

ஜனவரி முதல் மார்ச் பாதி வரை பாதைகள் காய்ந்து இறுகியிருக்கும். புதியவர்கள் இந்த மாதங்களில் வருவதே நல்லது. மார்ச்சிலிருந்தே காட்டுத் தீ அபாயம் கூடும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்தது யாருக்கும் மறந்திருக்காது. புல் காய்ந்த சரிவுகளுக்குப் போவதையே தவிருங்கள். அடுப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம்.

தென்மேற்குப் பருவமழையில் நீலகிரியின் மேற்குப் பக்கம்தான் வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் அந்த மாதங்களில் பெரும்பாலும் சாரலும் காற்றும்தான். ஈரத்தில் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது ஓட்டக்கூடிய காலமே. எங்களுக்குப் பயம் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை, இரண்டு நாள் தொடர்ந்து பெய்திருந்தால், மலையை வெட்டிப் போட்ட எந்த ரோட்டிலும் சைக்கிளை எடுக்காதீர்கள். மழை நின்ற மறுநாளும் வேண்டாம், ஊறிய மண் அப்போதும் இறங்கும்.

சைக்கிள் ஓட்ட விடியற்காலைதான் சிறந்தது என்று சமவெளியில் பழகியிருப்போம். இங்கே அது தவறு. இரவெல்லாம் தேயிலைக்குள் மேய்ந்த காட்டுமாடுகளும் ஊர்ப் பக்கம் வந்த கரடியும் ஒதுங்குகிற நேரம் அது. எட்டு மணிக்குக் கிளம்புங்கள். பாதையில் ஆள் நடமாட்டம் தொடங்கியிருக்கும், பனி ஈரமும் காய்ந்திருக்கும். மதியத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் மேகம் இறங்கிப் பத்து மீட்டருக்கு அப்பால் தெரியாமல் போகலாம். மூன்று மணிக்குள் தார் ரோட்டுக்கு வந்துவிடுவது பாதுகாப்பு.

காரில் சைக்கிளை ஏற்றி வருபவர்கள் கவனிக்க: வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் மலை ஏறும் முன் எடுத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை உள்ளது. எப்படியும் சைக்கிளில் நல்ல பாட்டில் இருக்கத்தானே வேண்டும்.

சைக்கிள்: டயரும் பிரேக்கும்

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் இந்தப் பாதைகளுக்குத் தாராளமாகப் போதும். 100 முதல் 120 மில்லிமீட்டர் டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்) இருந்தால் சரி. இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளை முதல் வருடமே வாங்காதீர்கள். பாதையைப் படிக்கும் பழக்கம் ஹார்ட்டெயிலில்தான் வரும். பணத்தைப் பிரேக்கிலும் டயரிலும் போடுங்கள்.

ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் அவசியம். கேபிள் டிஸ்க்கில் நீண்ட இறக்கத்தில் கை மரத்துவிடும். டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பேட் இரண்டு வகை: ரெசின், மெட்டல். ரெசின் சத்தமில்லாமல் இதமாகப் பிடிக்கும், ஆனால் தொடர்ந்து சூடேறினால் பிடி குறையும், சேற்றில் சீக்கிரம் தேயும். இந்த மலைக்கு மெட்டல் பேட்தான் சரி. ரோட்டரில் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகடு) 'ரெசின் பேட் மட்டும்' என்று எழுதியிருந்தால் மட்டும் ரோட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வாடகைக்கு எடுத்தாலும் நண்பரிடம் வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது, எந்தக் கை எந்தப் பிரேக் என்பது. நம் ஊரில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக். வெளிநாட்டிலிருந்து வந்த சில சைக்கிள்களில் இது தலைகீழாக இருக்கும். இறக்கத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

டயர் 2.25 இன்ச்சுக்குக் குறையாமல் இருக்கட்டும். 70 கிலோ எடையுள்ளவர் டியூப்லெஸ் (டியூப் இல்லாத) டயரில் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். டியூப் உள்ள டயர் என்றால் இரண்டிலும் நாலைந்து கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கல்லில் இடித்து டியூப் கிழியும். கடையில் கல் மாதிரி காற்றடித்துத் தருவார்கள். அந்தக் காற்றோடு உருளும் கல் மேல் ஏறினால் டயர் துள்ளுமே தவிரப் பிடிக்காது.

இங்கே முள்ளைவிடப் பெரிய எதிரி கவாத்துக் குச்சி. தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது கத்தி சாய்வாக இறங்கும். வெட்டுப்பட்ட முனை உளி போல இருக்கும். அந்தக் குச்சிகள் பாதையோரம் குவிந்து கிடக்கும். டயரின் நடுப்பகுதியைக் குத்தினால் டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றியிருக்கும் சீலன்ட் திரவம் அடைத்துவிடும், பக்கவாட்டைக் கிழித்தால் அடைக்காது. டயர் ஓட்டைக்குச் சொருகும் பிளக் ஒரு செட்டும், மாற்று டியூப் ஒன்றும், கிழிசலுக்கு உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்றும் பையில் இருந்தே ஆக வேண்டும். கூடவே பம்ப், மல்டிடூல், அறுந்த செயினை இணைக்கும் குயிக் லிங்க், பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும், உங்கள் சைக்கிளுக்குரிய டெரெய்லர் ஹேங்கர். ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும், கோத்தகிரியில் கடை கடையாகத் தேடினாலும் கிடைக்காது. கோவையிலேயே வாங்கி வாருங்கள்.

ஹெல்மெட், முழு விரல் கையுறை, முட்டிக்காப்பு மூன்றும் கட்டாயம். மழை ஜாக்கெட் எந்த மாதமானாலும் வேண்டும். ஈரக் காலத்தில் அட்டை ஏறும்; சிறிய டப்பாவில் உப்பு வைத்துக்கொண்டால் போதும்.

முதல் நாள் எங்கே ஓட்டுவது

ஊரிலிருந்து கன்னேரிமுக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். 1819-ல் இந்த மலைக்கு ஏறி வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் பங்களா அங்கே நினைவகமாக இருக்கிறது. முதல் நாள் காலை இங்கே மெதுவாகப் போய் வாருங்கள். தூரம் ஒன்றுமில்லை, ஆனால் ஏற்ற இறக்கத்தில் கியர் மாற்றவும், இந்த உயரத்தில் உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் அது போதும்.

அடுத்தது கோடநாடு ரோடு. கோத்தகிரியிலிருந்து காட்சிமுனை வரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர், தேயிலை நடுவே ஏறி இறங்கிப் போகும் தார் ரோடு. முனையில் நின்றால் மாயாறு பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். மலைச் சைக்கிளில் தார் ரோடா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாள் இந்த ரோட்டில் போய் வந்தால், எந்தெந்த இடத்தில் மண் ரோடு பிரிகிறது, எது எஸ்டேட்டுக்குள் போகிறது, டீக்கடை எங்கே, போனில் சிக்னல் எங்கே போய் எங்கே வருகிறது என்பதெல்லாம் மனதில் பதிந்துவிடும். திரும்பும் வழியில் எஸ்டேட் ஆபீஸில் பேசி மறுநாளுக்கு அனுமதி வாங்கிவிடலாம்.

மூன்றாவது நாள் மண் ரோடு. நாலு அல்லது ஐந்து கிலோமீட்டர் வளையம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் சுற்றை முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். சந்தேகமான இடத்தில் இறங்கி நடங்கள். இரண்டாவது சுற்றில் நடந்த இடங்களை ஓட்டிப் பாருங்கள். ஒரே வளையத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவர்தான் வேகமாகக் கற்றுக்கொள்கிறார் என்பதை நான் இங்கே பலரிடம் பார்த்துவிட்டேன். தினம் ஒரு புதுப் பாதை தேடுபவருக்குப் படம்தான் மிஞ்சும்.

ஏற்றம்

ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் அறும். செங்குத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் சுழன்று மண்ணை வாரி இறைக்கும். உட்கார்ந்தபடியே சீட்டின் முன் நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சை ஹாண்டில்பாருக்குத் தாழ்த்துங்கள். அப்போதுதான் முன் சக்கரமும் தூக்காது, பின் சக்கரமும் நழுவாது. அவ்வளவுதான், மற்றதெல்லாம் நுரையீரல் வேலை.

இறக்கம்

மலைச் சைக்கிளில் கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இறக்கத்தில்தான் இருக்கிறது.

சீட்டைத் தாழ்த்துங்கள். ட்ராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை இறக்கும் தண்டு) இல்லாவிட்டால் இறங்கி, கையால் தாழ்த்திவிட்டு ஏறுங்கள். இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக ஒரே மட்டத்தில் வைத்து, எழுந்து நின்று, முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்கட்டும். குதிகால் கீழே. பின்னால் போய்த் தொங்காதீர்கள்; பயத்தில் எல்லோரும் செய்வது அதுதான். பின்னால் போனால் முன் சக்கரத்தில் எடை இருக்காது, திருப்பினால் திரும்பாமல் நேராக வழுக்கும். உடம்பின் எடை கையில் இல்லாமல் பாதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். விரலைச் சற்றுத் தளர்த்தினாலும் விழாமல் நிற்க முடிந்தால் நிலை சரி.

பிரேக்கில் ஒவ்வொரு கையிலும் ஒரு விரல் மட்டும். முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயத்தில் பின் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே இறங்குவது பழக்கம். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும், பாதையும் கிழியும், நிற்கவும் செய்யாது. இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் சக்தி முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. நேரான, பிடிமானமுள்ள இடத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள். ஈர வேர், பாசி பிடித்த கல், காய்ந்த கற்பூர மர (யூகலிப்டஸ்) இலைக் குவியல் இவற்றின் மேல் போகும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹாண்டிலையும் திருப்பாதீர்கள். வேர் குறுக்கே கிடந்தால் அதைச் செங்கோணத்தில் கடந்து போங்கள். சாய்வாக ஏறினால் டயர் வேரின் நீளவாக்கில் சறுக்கும்.

எஸ்டேட் ரோடுகளில் மழைத்தண்ணீர் வடியக் குறுக்கே சிறு வடிகால்கள் வெட்டியிருப்பார்கள். நிழலில் கண்ணுக்கே தெரியாது. அதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, முன் சக்கரம் ஏறும் நேரத்தில் ஹாண்டிலை லேசாகத் தூக்கிக் கடந்துவிடலாம். வடிகாலுக்குள் பிரேக் பிடித்தால்தான் தலைக்கு மேல் தூக்கி எறியும்.

கொண்டை ஊசி வளைவுக்கு ஒரே விதி: வேகத்தை வளைவுக்கு முன்னால் குறை, வளைவுக்குள் வெளியேறும் இடத்தைப் பார். வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, தோளையும் இடுப்பையும் போக வேண்டிய பக்கம் திருப்புங்கள். சைக்கிள் பின்னாலேயே வரும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போகும். பின் பிரேக்கைப் பூட்டிப் பின் சக்கரத்தைச் சறுக்கித் திருப்பும் வித்தையை இந்தப் பாதைகளில் செய்யாதீர்கள். இந்தச் செம்மண்ணில் ஒரு கோடு விழுந்தால் அடுத்த மழையில் அது பள்ளம்; மறுநாள் காலை அதில் இலை மூட்டையோடு ஒருவர் நடக்க வேண்டியிருக்கும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடி போய்விடும். கருகிய வாசனை வந்தாலோ, லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ நின்றுவிடுங்கள். ரோட்டரைக் கையால் தொடக் கூடாது, தோல் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் ஆறவிட்டுக் கிளம்புங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

காட்டுமாடும் கரடியும்

சைக்கிளில் சத்தம் கிடையாது. ஜீப் வந்தால் காட்டுமாடு தூரத்திலேயே அறிந்து விலகும். நடந்து போனால் நாம் பேசிக்கொண்டு போவோம். சைக்கிளோ வேகமாக, ஓசையில்லாமல், வளைவு திரும்பியதும் அதன் முகத்துக்கு நேரே போய் நிற்கும். இங்கே வரும் ஆபத்தெல்லாம் இப்படித் திடுக்கிட வைப்பதால் வருவது. அதனால் ஹாண்டிலில் எப்போதும் கிணுகிணுக்கும் சிறு மணி ஒன்றைக் கட்டுங்கள். மறைவான வளைவுக்கு முன் குரல் கொடுங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

காட்டுமாடு தேயிலைக்குள் நின்றால் முதுகு மட்டும்தான் தெரியும், பாறை என்று நினைத்துவிடுவோம். ஒன்று தெரிந்தால் சுற்றிலும் இன்னும் இருக்கும், கன்றும் இருக்கலாம். நிறுத்துங்கள். குறைந்தது 50 மீட்டர் இடைவெளி இருக்கட்டும். தலையைத் தாழ்த்திச் சீறினாலோ முன்னங்காலால் தரையைக் கிளறினாலோ, முகத்தைத் திருப்பாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். மணி அடித்து விரட்டுவது, படம் எடுக்க நெருங்குவது, கூட்டத்தின் நடுவே இடம் பார்த்துப் புகுந்து போவது எதுவும் கூடாது. அரை மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் அதுவே நகரும். நகராவிட்டால் வந்த வழியே திரும்புங்கள்.

கரடி கிட்டத்தில் திடுக்கிட்டால் பாயும். உண்ணிப் புதர் மண்டிய ஒத்தையடிப் பாதைகளில், பழம் பழுத்திருக்கும் காலத்தில், ஓட்டாமல் இருப்பதே மேல். கீழ்க்கோத்தகிரிக்கும் அதற்குக் கீழே உள்ள சரிவுகளுக்கும் போனால் யானை நடமாட்டமும் உண்டு. அந்தப் பக்கம் உள்ளூர்க்காரர் துணையில்லாமல் போகவே வேண்டாம். லைன் வீடுகளின் நாய்கள் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் குரைத்துவிட்டுப் போய்விடும்.

விழுந்தால்

தனியாக ஓட்டாதீர்கள். மூன்று பேர் இருந்தால் ஒருவர் அடிபட்டவருடன் இருக்க, இன்னொருவர் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போகலாம். ஆம்புலன்சுக்கு 108. எஸ்டேட் பெயரையும் பக்கத்து ஹட்டியின் பெயரையும் சொல்லுங்கள். ஓட்டுநருக்கு அதுதான் புரியும். தலையில் அடிபட்டவர் "ஒண்ணுமில்ல" என்று எழுந்தாலும் அன்றைக்கு அவர் மறுபடி ஓட்டக் கூடாது. வெடித்த ஹெல்மெட்டை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.

ஓட்டி முடித்ததும்

அனுமதி தந்த ஆபீஸில் "வெளியே வந்துட்டோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வழியில் மரம் விழுந்திருந்தாலோ வடிகால் அடைத்திருந்தாலோ அதையும் சொல்லலாம், அவர்களுக்கு உபயோகமான தகவல் அது.

சேறு காயும் முன் கழுவுங்கள். பிரஷர் தண்ணீரைச் சக்கர நடுவிலோ பெடல் அச்சிலோ நேராக அடிக்க வேண்டாம், கிரீஸ் போய்விடும். செயினைத் துடைத்து, உலர்ந்த பிறகு எண்ணெய் விட்டு, மிச்சத்தை வழித்தெடுங்கள். அந்தத் துணி ரோட்டரில் படக் கூடாது. பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் பேடைப் பாருங்கள். உலோகத் தகட்டை விட்டு, தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அடுத்த ஓட்டத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும். புதுப் பேடோடு நேராக இறக்கத்துக்குப் போகாதீர்கள். சமமான ரோட்டில் ஓரளவு வேகமெடுத்து, நடை வேகத்துக்கு வரும்வரை பிரேக் பிடித்து விடுவதை ஒவ்வொரு சக்கரத்துக்கும் இருபது தடவை செய்தால் பேட் ரோட்டரில் படிந்துவிடும்.